சம்பூர் அனல்மின் நிலையத் திட்டம்

சம்பூர் அனல்மின் நிலையத் திட்டம் என்பது, திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் பிரதேசத்தில், கொட்டியாரக் குடாவின் தென்கரையில் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்க இலங்கையும் இந்தியாவும் வகுத்து 2016இல் கைவிட்ட திட்டமாகும். இலங்கையில் சுற்றுச்சூழல் எதிர்ப்பு வெற்றி கண்ட முக்கியமான நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

திட்டத்தின் கதை இடப்பெயர்வோடு பின்னிக் கிடக்கிறது. 2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சிச் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். செப்டெம்பரில் இராணுவம் ஊரைக் கைப்பற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் மின் நிலையத்துக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. நிலத்துக்கு உரியவர்கள் அப்போது அகதிகளாக இருந்தனர். 2007இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. வயலும் மேய்ச்சல் தரையும் கரையோரத் தொழிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தன. 2011இல் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் சமபங்கில் கூட்டு நிறுவனம் அமைத்தன. திட்டத்துக்கென ஏறத்தாழ 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது.

2015இல் மீள்குடியேற்றம் தொடங்கியதும் நிலத்துக்கான கோரிக்கையோடு காற்றையும் கடலையும் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. அந்த அச்சம் வெறும் கற்பனையன்று. மேற்குக் கரையில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையம் ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியை எரிக்கிறது. காற்றில் வரும் நிலக்கரித் தூசியும் சாம்பலும் தோட்டங்களில் படிவதாக அயற்கிராமத்தவர் தொடர்ந்து முறையிட்டு வருகின்றனர். கொட்டியாரக் குடாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. நிலக்கரி தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் மின்சாரமாக மாறுவதில்லை. அப்படி மாறாத வெப்பத்தின் பெரும்பங்கைக் குளிரூட்டும் கடல்நீர் சுமந்துகொண்டு குடாவுக்கே திரும்பும். மகாவலி கலக்கும் அந்தக் குடாவின் கண்டல் ஓரங்கள் இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடங்கள். அங்கே நீர் சூடேறினால் அடி விழுவது சிறு வள்ளங்களில் தொழில் செய்பவர்களுக்கே.

மக்கள் வீதியில் இறங்கினர். சுற்றாடல் அமைப்பொன்று வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்று அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது.

ஐரோப்பாவில் இத்தகைய போராட்டங்கள் கட்சிகளாகவே வளர்ந்தன. மேற்கு ஜேர்மனியில் வீல் என்ற ஊரில் அணுமின் நிலையத்துக்கு எதிராகத் திராட்சை விவசாயிகள் 1975இல் கட்டுமான நிலத்தை ஆக்கிரமித்தனர். அந்த எதிர்ப்பு அலையிலிருந்து எழுந்த பசுமைக் கட்சி 1980இல் நாடு தழுவிய கட்சியாகி, 1983இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. திருகோணமலையில் அப்படி நிகழவில்லை. இங்கே வாக்குகள் இன உரிமை, நிலம், பாதுகாப்பு ஆகியவற்றைச் சுற்றியே திரள்கின்றன. சூழல் கோரிக்கை அவற்றின் நிழலில்தான் குரல் பெறுகிறது. காணிக்குத் திரும்பவே ஒன்பது ஆண்டுகள் போராடிய ஊரிடம் தனியொரு பசுமை அரசியலை எதிர்பார்ப்பது நியாயமுமன்று.

அதே கூட்டு முயற்சி பின்னர் சூரிய மின்சக்திக்கு மாறியது. 120 மெகாவாட் சம்பூர் சூரிய மின் நிலையப் பணியை 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் இலங்கை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் தொடக்கிவைத்தனர். சாம்பலும் சுடுநீரும் இல்லையென்றாலும், சூரியத் தகடுகளுக்கும் பரந்த நிலம் வேண்டும் என்பதால் காணிக் கேள்வி சம்பூரில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.