பச்சிலைப்பள்ளித் தென்னையும் வண்டின் நாசியும்

பனையையே கற்பகதருவென்று போற்றிவந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், 1840களில் ஐரோப்பியத் துரைமார் தென்மராட்சி, பச்சிலைப்பள்ளிப் பகுதிகளின் மணற்காடுகளை வெட்டித் திருத்திப் பெருமுதலிட்டுத் தென்னை நட்டபோது, அவர்களுக்குச் சத்துருவாக வாய்த்தது வறட்சி மாத்திரமன்று, வண்டும் வாய்த்தது. 20 முதல் 150 ஏக்கர் வரை விஸ்தீரணமுள்ள இலங்கைத் தோட்டங்கள் சிலவற்றினூடே சென்ற கப்பர் என்பவர், வண்டு தீண்டாத இளந்தென்னை ஒன்றையேனும் தாம் காணவில்லை என்று 1845இல் எழுதினார். அதனை எடுத்தாண்ட, இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், அவ்வண்டுக்குச் சூட்டிய சாஸ்திர நாமமோ நெடுங்கொம்பு வண்டொன்றுக்கு உரியது. தோட்டக்காரனுக்குத் தெரிந்த எதிரிகள் கருவண்டும் செவ்வண்டுமே.

கருவண்டு எருக்கும்பியிலும் உக்கிய குற்றியிலும் பெருகிப் பறந்து வந்து குருத்தைத் துளைக்கும். செவ்வண்டோ மரத்தின் காயத்தில் முட்டையிட, அதன் புழு உள்ளிருந்தே தண்டைக் குடைந்து, மட்டை சரியும்வரை வெளியே எளிதிற் புலப்படும் குறி காட்டாது. முள்வைத்த கம்பியைத் துளையில் விட்டு வண்டைக் குத்தி இழுப்பதும், மட்டைக் கவட்டில் உப்புக் கலந்த மணலை இடுவதும், வெட்டுக்காயத்துக்குத் தார் பூசுவதுமே பழைய உபாயங்கள். இவற்றுள் தார் பூசுதலே, என் அபிப்பிராயத்தில், விவேகம் மிக்கது. ஏனெனில் காயத்தினின்று கசிந்து புளிக்கும் சாற்றின் மணமே செவ்வண்டை அழைக்கிறது.

அம்மணத்தை வண்டு நுகர்வது தலையிலுள்ள உணர்கொம்பினால். கருவண்டின் கொம்பு நுனியில் மூன்று தகடுகள் விசிறிபோல் விரியும். செவ்வண்டின் கொம்பு முழங்கைபோல் மடங்கி நுனியில் பருத்திருக்கும். அங்கே செறிந்த சூக்ஷ்மமான உரோமங்களின் சுவரிலுள்ள துளைகள் வழியே மணத்துகள்கள் புகுந்து நரம்பணுக்களைத் தீண்டுகின்றன. ஜெர்மானியரான டீட்ரிஷ் ஷ்னைடர் 1957இல் பட்டுப்பூச்சியின் கொம்பில் எழும் மின்துடிப்பை அளந்து காட்டிய பின்னரே, இவ்விந்திரியத்தைக் கருவிகொண்டு சோதிக்கும் மார்க்கம் பிறந்தது. ஆண் செவ்வண்டு தன் இனத்தாரைக் கூட்ட விடும் வாசனைப் பொருள் இனங்காணப்பட்டது 1993இல், கருவண்டினது அதனையடுத்து.

இன்று அவ்வாசனையைச் செயற்கையாக ஆக்கி வாளியில் தொங்கவிட்டு, ஆணையும் பெண்ணையும் ஒருங்கே பிடிக்கிறார்கள். செவ்வண்டு வாளியிற் புளித்த பண்டமும் உடனிருந்தால் கூடுதலாக விழும். ஆயினும், உள்நாட்டு யுத்தத்தில் தலை முறிந்த தென்னைகள் பச்சிலைப்பள்ளியின் முகமாலை முன்னரங்கில் நின்றபடியே உக்க, கண்ணிவெடி அகலும்வரை அவற்றை வெட்டிச் சுடவும் எவரும் நெருங்க முடியாதிருந்தமையால், வாளிகள் எத்தனை தொங்கினும் கருவண்டுக்குப் பிள்ளை வளர்க்க அங்கே இடத்துக்குக் குறைவிருக்கவில்லை.