சார்னாக் துரையின் கல்

பல்லாவரத்துக் குன்றுகளைத் தாம்பரம் ரயிலில் போகிறவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஜல்லியாகவும் படிக்கல்லாகவும் வீட்டுக்கே வந்துவிட்ட கல்தானே! அதற்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் 'சார்னகைட்'. கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் பெயர் அது.

துரைக்குச் சென்னையோடு உறவு உண்டு. 1689-இல் அவருடைய மூன்று பெண்களுக்கும் ஞானஸ்நானம் நடந்தது நமது ஜார்ஜ் கோட்டை மேரி மாதா கோயிலில்தான். அவர் மறைந்ததும் மருமகன் சார்லஸ் அயர் கல்கத்தாவில் சமாதி எழுப்பினார். வங்காளத்து வண்டலில் கல்லுக்கு எங்கே போவது? சென்னைப் பக்கத்துக் கருங்கல்லில் லத்தீன் எழுத்தைப் பொறித்து வைத்தார்கள். இருநூறு வருஷம் கழித்து, 1893-இல், புவியியல் இலாகாவின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, இறந்தவர் பெயரையே பாறைக்கும் சூட்டிவிட்டார். பல்லாவரத்தின் பெயரை வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். 1863-லேயே ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ஊராயிற்றே!

இந்தக் கல்லுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம். பூமிக்குள் பல மைல் ஆழத்தில் வெந்து உருவானது. அதை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், குவார்ட்ஸ் மணிகளுக்குள் குமிழிகள் தெரியும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு இருந்தால் அதுவே பெரிய குமிழி! கல்லை உடைக்காமலே உள்ளே இருப்பதை அறிய ஒரு வழி உண்டு. நன்றாகக் குளிர்வித்து உறையச் செய்து, மெல்லச் சூடேற்றுவார்கள். மைனஸ் 56.6 டிகிரியில் உருகினால் அது கரியமில வாயு. குமிழி ஆராய்ச்சிக்கு 1858-இல் வழிகாட்டியவர் இங்கிலாந்தின் ஸார்பி. ஜாக் டூரே என்ற பிரெஞ்சுக்காரர் 1970-களின் தொடக்கத்தில், நார்வேயில் இதே வகையாக வெந்த பாறைகளில் கரியமில வாயுவைக் கண்டு சொன்னார். தென்னிந்தியச் சார்னகைட்டிலும் அது அகப்பட்டது.

அங்கேதான் வழக்கு முளைத்தது. ஆழத்திலிருந்து வந்த கரியமில வாயு தண்ணீரை விரட்டியதால்தான் ஹைபர்ஸ்தீன் என்ற தாது விளைந்து இந்தக் கல் பிறந்தது என்பது ஒரு கட்சி. கர்நாடகத்துக் கப்பாள்துர்காவில் வெளிறிய பாறைக்குள் திட்டுத்திட்டாகக் கருமை படர்ந்திருப்பதைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். இல்லை, நெருப்புக் குழம்பு உறைந்த கல்தான் என்றவர் ஹாலந்து. குமிழிச் சாட்சியை அப்படியே நம்பவும் முடியாது. பிற்காலத்து விரிசல் மூடிக்கொண்டபோதும் வாயு சிக்கியிருக்கலாமே! விரிசல் வழியே வரிசையாக நிற்கும் குமிழியைவிட, மணிக்குள் தனித்து நிற்கும் குமிழிக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வழக்கு நடக்க, வேட்டுவைத்துக் கல் எடுத்த பள்ளங்களில் மழைநீர் நிரம்பியது. 2017 வறட்சியில் மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரம் கல்குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள்.