உயிருள்ள பியர்: பிரிட்டனில் குடிப்போர் நடத்திய இயக்கம்

இங்கிலாந்தின் பழைய பியர் வகைக்கு ‘ஏல்’ என்று பெயர். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, ஹாப்ஸ் பூ, தண்ணீர், ஈஸ்ட் ஆகிய நான்கும் அதன் மூலப்பொருட்கள். ஆலையில் முதல் நொதித்தல் முடிந்ததும் அதை வடிகட்டாமல், சூடாக்காமல் பீப்பாயில் அடைத்துப் பப்புகளுக்கு அனுப்புவார்கள். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருப்பதால், பப்பின் நிலவறையில் இரண்டாவது முறையாக நொதித்தல் நடக்கும். பியரில் கரையும் கரியமில வாயுவும் அதிலிருந்தே கிடைத்துவிடும். தெளிந்தபின் கைப்பம்பால் இறைத்துக் கோப்பையில் ஊற்றுவார்கள். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். அதற்குமேல் காற்றுப்பட்டுச் சுவை கெட்டுவிடும். இந்த பியரில் பாதி வேலை ஆலையிலும் மீதி வேலை பப்பிலும் நடக்கிறது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த முறை வேகமாக மறையத் தொடங்கியது. ஆலையிலேயே பியரை வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்டை அகற்றி, உலோகக் கலத்தில் அடைத்து, வாயு அழுத்தத்தால் வெளியேற்றும் ‘கெக்’ முறை பரவியது. வாட்னி நிறுவனத்தின் ‘ரெட் பேரல்’ இதன் அடையாளமாக விளங்கியது. கெக் பியர் பல வாரங்கள் கெடாது, எந்த ஊரில் குடித்தாலும் ஒரே சுவை. பிற்காலத்தில் பலர் இதை நிறுவனங்களின் பேராசை என்று மட்டும் எழுதினார்கள். அது முழு உண்மையல்ல. சரியாகப் பராமரிக்காத நிலவறையிலிருந்து வந்த புளித்த பியரைக் குடித்து அலுத்தவர்களும் கெக்கை விரும்பி ஏற்றார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பிரிட்டனில் பியர் ஆலைகளே பப்புகளையும் சொந்தமாக வைத்திருந்தன. அத்தகைய பப்பை நடத்துபவர் தன் உரிமையாளரான ஆலையின் பியரைத்தான் விற்க வேண்டும். 1960களில் நடந்த தொடர் இணைப்புகளுக்குப் பிறகு அலைட், பாஸ் சாரிங்டன், கரேஜ், ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசில், வாட்னி மேன், விட்பிரெட் ஆகிய ஆறு நிறுவனங்களின் கையில் ஆயிரக்கணக்கான பப்புகள் இருந்தன. விழுங்கப்பட்ட சிறிய ஆலை மூடப்பட்டால், அந்த வட்டாரத்தின் பியரும் அதோடு போய்விடும். குடிப்பவர் அடுத்த தெருவுக்குப் போனாலும் அதே நிறுவனத்தின் பப்தான் இருக்கும்.

1963-லேயே மரப்பீப்பாய் பியரைக் காக்க ஒரு சங்கம் தோன்றியது. ஆனால் அது நண்பர் வட்டத்தைத் தாண்டிப் பெரிதாக வளரவில்லை. 1971 மார்ச்சில் மைக்கேல் ஹார்ட்மன், கிரஹாம் லீஸ், ஜிம் மேக்கின், பில் மெல்லர் என்ற நான்கு இளைஞர்கள் அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்கு விடுமுறையில் சென்றார்கள். அங்கே டன்குவின் என்ற கடலோரச் சிற்றூரின் பப்பில் உட்கார்ந்து, நாட்டு பியரின் நிலையைப் பேசி, விளையாட்டும் வினையுமாக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ‘ஏலுக்குப் புத்துயிரூட்டும் இயக்கம்’ என்ற பெயர் 1973-ல் ‘அசல் ஏல் இயக்கம்’ என்று மாறியது. சுருக்கப் பெயர் கேம்ரா. பரிமாறும் கலத்திலேயே இரண்டாம் நொதித்தல் நடந்து, வெளியிலிருந்து வாயு ஏற்றாமல் வழங்கப்படுவதே அசல் ஏல் என்று அவர்கள் வரையறுத்தார்கள்.

கேம்ராவின் வலிமையான கருவி ஒரு பட்டியல். எந்த ஊரில் எந்த பப்பில் நல்ல பீப்பாய் பியர் கிடைக்கும் என்பதை உறுப்பினர்கள் நேரில் போய்க் குடித்துப் பார்த்து எழுதினார்கள். 1974-ஆம் ஆண்டுக்கான ‘குட் பியர் கைட்’ நூலாக அச்சேறியபோது, வாட்னி பற்றிய குறிப்பில் கொள்ளைநோய் என்ற சொல் இருந்தது. அவதூறு வழக்குக்கு அஞ்சி அச்சகத்தார் தயங்கவே, அந்த வரி சற்று மென்மையாக்கப்பட்டது. தடுக்கப்பட்ட அந்தச் சொல்லே நூலுக்கு நல்ல விளம்பரமாயிற்று. ஸ்டாஃபோர்ட்ஷயரின் ஸ்டோன் என்ற ஊரில் ஜூல்ஸ் ஆலையை மூட பாஸ் சாரிங்டன் முடிவு செய்தபோது, 1973-ல் கேம்ராவினர் அங்கே இறுதி ஊர்வலம் போல ஒரு போராட்டம் நடத்தினார்கள். ஆலை மறு ஆண்டே மூடப்பட்டது. ஆனால் பியருக்காகத் தெருவில் இறங்க ஆட்கள் உண்டு என்று நாளிதழ்களுக்குத் தெரிந்துவிட்டது. 1975-ல் லண்டன் கோவென்ட் கார்டனில் பியர் விழா நடந்தது. 1977-ல் அலெக்ஸாண்ட்ரா மாளிகையில் மாபெரும் பிரிட்டன் பியர் விழா தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் கைவிட்ட பீப்பாய் ஏலை மீண்டும் விற்கத் தொடங்கின.

அடுத்த போராட்டம் பப்புகளின் உரிமை பற்றியது. 1989-ல் ஏகபோக ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2,000-க்கு மேல் பப் வைத்திருக்கும் ஆலை, அந்த உபரியில் பாதியைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். அதன் பப்புகளில் பிற ஆலையின் பீப்பாய் பியர் ஒன்றை விருந்தாளியாக விற்கவும் இடம்தர வேண்டும். சிறிய ஆலைகளுக்கு இது வாசலைத் திறந்தது உண்மை. ஆனால் விற்பனைக்கு வந்த பப்புகளைப் பெருமளவில் வாங்கியவை பியரே தயாரிக்காத புதிய சொத்து நிறுவனங்கள். ஆணை பியர் தயாரிப்போரை மட்டுமே கட்டுப்படுத்தியதால் அவை அதன் எல்லைக்குள் வரவில்லை. பப் நடத்துபவர் தங்களிடம்தான் பியர் வாங்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை அவையும் விதித்தன. 2000-ல் பாஸும் விட்பிரெட்டும் தங்கள் ஆலைகளை பெல்ஜியத்தின் இன்டர்புரூவுக்கு விற்றன. 2003-ல் ஆணையே நீக்கப்பட்டது. சட்டத்தை எழுதியவர்கள் இந்த ஓட்டையைப் பார்க்கத் தவறியது வியப்பாகத்தான் இருக்கிறது.

சிறிய ஆலைகளுக்கு உண்மையில் கைகொடுத்தது வரிச்சலுகை. 2002 முதல், ஆண்டுக்கு 5,000 ஹெக்டோலிட்டர் வரை தயாரிக்கும் ஆலைக்கு பியர் வரி பாதியாகக் குறைந்தது. புதிய ஆலைகள் நாடெங்கும் முளைத்தன. ஆனால் அவற்றை நடத்திய இளைஞர்களில் பலர் அமெரிக்கக் கைவினை பியரைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஹாப்ஸ் மணம் தூக்கலான தங்கள் பியரைச் சூடாக்காமல், வடிகட்டாமல் கெக்கில் அடைத்தார்கள். சுவையில் அது ரெட் பேரலுக்கு நேர் எதிர். வெளியிலிருந்து வாயு ஏற்றியதால் கேம்ராவின் வரையறைப்படி அது அசல் ஏலும் அல்ல. இத்தகைய பியரையும் அரவணைக்க அமைப்பின் நோக்கத்தை விரிவுபடுத்தும் தீர்மானம் 2018 ஏப்ரலில் வாக்கெடுப்புக்கு வந்தது. நிறைவேற 75 விழுக்காடு வாக்குகள் வேண்டும். ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஆதரித்தும் அது தோற்றது.