சாய்வு சொல்வதும் சொல்லாததும்: எண்ணூர் முகத்துவாரக் கரையின் தொலைவு–காலத் தரவுகள்

கடற்கரை நகர்வைக் கணக்கிடும் முறை எளியது. நிலப்பக்கம் அசையாத அடிக்கோடு ஒன்றை வகுத்து, அங்கிருந்து கரைக்கோடு வரையுள்ள தொலைவைப் பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களில் அளக்கிறார்கள். கிடையச்சில் ஆண்டு, செங்குத்தச்சில் தொலைவு. புள்ளிகளுக்குப் பொருந்தும் நேர்கோட்டின் சாய்வுதான் ‘ஆண்டுக்கு இத்தனை மீட்டர்’ என்று அறிக்கைகளில் வரும் எண். கோடு ஏறினால் மணல் சேர்கிறது. இறங்கினால் கடல் அரிக்கிறது. இந்தியக் கரையில் 33 விழுக்காடு அரிபடுகிறது, 29 விழுக்காடு வளர்கிறது என்று தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990–2016 காலத்துக்குச் சொன்னதும் இத்தகைய வீதங்களை வைத்தே.

நாடு முழுவதையும் பார்க்க இந்த எண் போதும். வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரக்குப்பம் வரையுள்ள துண்டுக்கு அது போதாது என்பதே என் வாதம். அங்கே நேர்கோடு வேகத்தையும் சரியாகச் சொல்வதில்லை. காரணத்தைப் பற்றியோ ஒன்றுமே சொல்வதில்லை.

முதலில் வேகம். கணக்குக்காக ஒரு கரையைக் கற்பித்துக்கொள்வோம். அடிக்கோட்டிலிருந்து அதன் தொலைவு 1990இலும் 2000இலும் 100 மீட்டர். 2010இலும் 2020இலும் 50 மீட்டர். நடுப் பத்தாண்டில் ஆண்டுக்கு 5 மீட்டர் வீதம் அரிந்தது. பிறகு கருங்கல் கொட்டியதால் நின்றுவிட்டது. இந்த நான்கு புள்ளிகளுக்கும் மீச்சிறு வர்க்க முறையில் கோடு வரைந்தால் சாய்வு ஆண்டுக்கு 2 மீட்டர் இறக்கம். ஒட்டுறவுக் கெழு −0.89, அதன் வர்க்கம் 0.8. எந்த ஆய்வேடும் மகிழ்ந்து ஏற்கும் எண். ஆனால் அந்தக் கரை எந்தப் பத்தாண்டிலும் 2 மீட்டர் வேகத்தில் நகரவே இல்லை. அதன் வேகம் 0, 5, 0. முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும் இணைத்தால் 1.67 என்று வேறொரு விடை கிடைக்கும். கோட்டை 2030 வரை நீட்டினால் கரை 25 மீட்டரில் இருக்கும் என்கிறது. கொட்டிய கல் நிற்கும்வரை அது 50இலேயே இருக்கும்.

கற்பனைதான், ஆனால் வீண் கற்பனையல்ல. ராயபுரம்–எண்ணூர் கடலோரச் சாலையைக் காக்கக் கொட்டிய கருங்கல்லும், பின்னர் கடலுக்குள் நீட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளும் இப்படித்தான் கோட்டை நடுவில் ஒடிக்கின்றன. கல் கொட்டிய இடத்தில் சாய்வு சுழி என்று வந்தால் கரை நலமாக இருக்கிறது என்று பொருளில்லை. நகர்வதற்கு அங்கே மணல் மிச்சமில்லை, அவ்வளவே.

அடுத்து காரணம். கிடையச்சில் இருப்பது காலம். காலம் எதையும் அரிப்பதில்லை. கடந்த நாற்பது ஆண்டுகளில் வடசென்னையில் சரக்குப் பெட்டகங்கள், அனல்மின் நிலையச் சாம்பல், மக்கள்தொகை எல்லாமே பெருகின. இவற்றில் எதை எடுத்துக் கரையின் இறக்கத்தோடு பொருத்தினாலும் வலுவான ஒட்டுறவு வரும். ஒரே திசையில் போகிற இரண்டு வரிசைகள் ஒட்டத்தான் செய்யும். ஆகவே கெழு ஒன்றுக்கு எவ்வளவு நெருங்குகிறது என்பது காரணத்துக்குச் சான்றாகாது.

எது சான்றாகும்? சென்னைத் துறைமுகம் விடை தருகிறது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக்காற்று வீசும் சில மாதங்களில் மட்டும் தெற்கு நோக்கித் திரும்புகிறது. வடக்கே ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் தெற்கே ஓடுவதை வன்னி என்றும் மீனவர்கள் பிரித்தே சொல்கிறார்கள். அலைத்தடுப்புச் சுவர்ப் பணி 1875இல் தொடங்கியது. 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தும் பணி தொடர்ந்தது. சுவர் மணலை மறித்ததும் தெற்கே மெரினா அகன்றது; வடக்கே ராயபுரம் குறைந்தது. ஒரே காலம், ஒரே கடல், ஒரே புயல். ஆனால் சுவரின் இருபுறமும் சாய்வின் குறி எதிரெதிர். கடல்மட்ட உயர்வு மட்டுமே காரணமென்றால் இருபுறமும் குறைந்திருக்க வேண்டும். சாய்வு எந்த ஆண்டில் ஒடிகிறது, எந்த இடத்தில் குறி மாறுகிறது, இடையில் மணலுக்கு என்ன நேர்ந்தது ஆகிய மூன்றும் ஒத்துவந்தால்தான் காரணம் என்று பேசலாம்.

முகத்துவாரக்குப்பத்தில் சிக்கல் கூடுகிறது. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இந்த வாய் மணலடித்து அடைபடுவதற்குக் குறைந்தது மூன்று விளக்கங்கள் உண்டு. 2001இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் வாய்க்கு வடக்கே நிற்கின்றன. ஆகவே தெற்கிலிருந்து வரும் மணல் வாய்ப்பக்கம் தேங்கலாம். அனல்மின் நிலையச் சாம்பலும் ஆக்கிரமிப்பும் கழிமுகப் பரப்பைத் தூர்த்ததால், ஓதத்தின்போது உள்ளே ஏறி இறங்கும் நீரின் கொள்ளளவு குறைந்து, வாயைத் தானே கழுவிக்கொள்ளும் வேகம் தளர்ந்திருக்கலாம். 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கமும் அதன்பின் வந்த தடுப்பணைகளும் ஆற்றின் தள்ளுவிசையைக் குறைத்திருக்கலாம். முதல் இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. வாயருகே ஓர் இடத்தில் எடுத்த தொலைவு–காலக் கோடு, எத்தனை நெருக்கமாகப் பொருந்தினாலும், இவற்றைப் பிரித்துக் காட்டாது. போதாக்குறைக்கு, முகத்துவார மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவது. பிப்ரவரிப் படத்தையும் செப்டம்பர்ப் படத்தையும் கலந்து வரைந்த கோட்டின் சாய்வில் கரை எவ்வளவு, பருவம் எவ்வளவு என்று யார் சொல்வது? பழைய லேண்ட்சாட் படத்தின் ஒரு படப்புள்ளியே 30 மீட்டர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிக்க வழி இல்லாமல் இல்லை: கிடையச்சை மாற்ற வேண்டும். ஆண்டுக்குப் பதிலாக எண்ணூர்த் துறைமுகத் தடுப்புச் சுவரிலிருந்து தெற்கே உள்ள தொலைவைக் கிடையச்சில் வைத்து, ஒவ்வோர் இடத்தின் நகர்வு வீதத்தையும் செங்குத்தச்சில் குறிப்போம். துறைமுகமே முதன்மைக் காரணமென்றால் சுவரருகே சேர்மானம் மிகுந்து, தள்ளிப்போகப் போகச் சீராகக் குறைய வேண்டும். 2001க்கு முந்தைய படங்களில் அந்த வடிவம் இருக்கக் கூடாது. கழிமுகம் தூர்ந்ததே காரணமென்றால் மாற்றம் வாயில் மட்டும் குவியும், நெடுங்கரையில் தெரியாது. ஆறுதான் என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பின் வாய் அகன்று சில காலம் திறந்தே இருந்திருக்க வேண்டும். மூன்றும் கலந்தே செயல்படுகின்றன என்பது என் ஊகம். ஆனால் எது எவ்வளவு என்பது வெறும் கல்விக் கேள்வியல்ல. துறைமுகம் காரணமென்றால் தேங்கிய மணலைச் சுவரைத் தாண்டி வடக்கே கொண்டுசேர்க்கும் செலவு துறைமுகத்துடையது. கழிமுகம் தூர்ந்தது காரணமென்றால் சாம்பலை அள்ள வேண்டியவர் வேறொருவர்.