கையடக்க வானொலி நிரலாக்கத்தின் வரலாறு

வாக்கி-டாக்கி எனப்படும் கையடக்க இருவழி வானொலி எந்த அலைவெண்ணில் பேச வேண்டும் என்பதை இன்று கணினியில் தட்டச்சு செய்து தீர்மானிக்கிறார்கள். முன்பு அதைத் தீர்மானித்தது ஒரு குவார்ட்ஸ் படிகத் துண்டு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய எஸ்சிஆர்-536 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பின்னாளில் மோட்டோரோலா எனப் பெயர் மாறிய கால்வின் நிறுவனம் 1941 முதல் அதைப் பெருமளவில் தயாரித்தது. எடை ஏறத்தாழ 2.3 கிலோ. ஆன்டெனாவை வெளியே இழுத்தால் கருவி இயங்கும். உள்ளே தள்ளினால் நின்றுவிடும். அதற்கு ஒரே ஓர் அலைவரிசைதான். அதை மாற்றப் படிகங்களையும் சுருள்களையும் மாற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். அது பட்டறை வேலை. களத்தில் நிற்கும் வீரரால் ஆகாது.

ஒரே படிகத்திலிருந்து பல அலைவெண்களை உருவாக்கும் மின்சுற்றுகள் கையடக்கக் கருவிகளுக்குள் வந்தபின் நிலைமை மாறியது. அலைவெண் என்பது நினைவகச் சில்லில் எழுதப்படும் ஓர் எண்ணாகிவிட்டது. ஆனால் அந்த எண்ணை எழுதும் வழி தயாரிப்பாளரிடமும் அவருடைய முகவரிடமுமே இருந்தது. மோட்டோரோலாவின் டாஸ் கால மென்பொருள், கணினிக்கும் வானொலிக்கும் இடையே தனி இணைப்புப் பெட்டி ஒன்றைக் கேட்டது. வேகமான கணினியில் அதன் நேரக் கணக்கு தவறிவிடும். எழுதும்போது பாதியில் தடைபட்டால் வானொலியே பயனற்றுப் போகலாம். இதற்காகவே பழைய 386, 486 கணினிகளைப் பழுதுபார்ப்பவர்கள் பல ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தனர்.

இந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, அமெச்சூர் வானொலியாளரான டான் சுமித் 2008இல் தொடங்கிய 'சர்ப்' என்னும் கட்டற்ற மென்பொருள். ஒரே வகையான இரு வானொலிகளைக் கம்பியால் இணைத்து, ஒன்றின் நினைவகத்தை மற்றொன்றுக்குப் படியெடுக்கும் வசதி முன்பே பல கருவிகளில் இருந்தது. கணினியை அந்த இரண்டாவது வானொலிபோல நடிக்க வைத்தால் போதும். நினைவகம் முழுவதும் கணினிக்கு வந்துவிடும். அலைவெண், ரிப்பீட்டர் இடைவெளி, துணைத்தொனி ஆகியவற்றை அட்டவணையில் திருத்தி மீண்டும் எழுதலாம். வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளுக்கும் அதே அட்டவணை என்பதே இதன் பெரிய வசதி.

2012இல் சீனாவின் பாவ்ஃபெங் யுவி-5ஆர் சந்தைக்கு வந்தது. 128 நினைவக அலைவரிசைகள், மிகக் குறைந்த விலை. பொத்தான்களை அழுத்தி அத்தனையையும் நிரப்புவது பொறுமையைச் சோதிக்கும் வேலை என்பதால் வாங்கியவர்கள் சர்ப்பை நாடினர். புதியவர்கள் தடுமாறியது பெரும்பாலும் மென்பொருளில் அல்ல, இணைப்புக் கம்பியில்தான். மலிவான கம்பிகளில் போலிச் சில்லுகள் இருந்தன. அவற்றை விண்டோசின் புதிய இயக்கி ஏற்காததால் பழைய இயக்கியைத் தேடி நிறுவ வேண்டியிருந்தது.

படிகக் காலத்தில் உரிமம் இல்லாத அலைவெண்ணில் பேசப் பட்டறையின் உதவி தேவைப்பட்டது. இப்போது தவறான ஓர் எண்ணே போதும். காவல்துறையோ தீயணைப்புத் துறையோ பயன்படுத்தும் அலைவரிசையில் குறுக்கிட முடியும். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் யுவி-5ஆர் வகைக் கருவியை விற்ற ஒரு நிறுவனத்துக்கு எச்சரிக்கை அறிவிப்பு அனுப்பியது. அனுமதி பெற்ற எல்லைக்கு வெளியேயும் அக்கருவியால் ஒலிபரப்ப முடிந்ததே காரணம். அதன் பிறகு அந்நாட்டில் விற்பனைக்கு வந்த சில பதிப்புகள், அமெச்சூர் அலைவரிசைகளில் மட்டுமே ஒலிபரப்புமாறு பூட்டப்பட்டிருந்தன. கேட்பதற்கு மட்டும் மற்ற அலைவரிசைகள் திறந்தே இருந்தன.