வாட்சன், பால்: கைதுகளும் திமிங்கலப் பாதுகாப்பும்

கனடாவில் பிறந்த கடல்சார் செயற்பாட்டாளர் பால் வாட்சன் (பி. 2 டிசம்பர் 1950, டொராண்டோ). திமிங்கல வேட்டைக் கப்பல்களை நடுக்கடலில் மறிப்பதைத் தொழிலாகவே கொண்டவர். 2024 ஜூலை 21 அன்று, கிரீன்லாந்தின் தலைநகரான நூக் துறைமுகத்தில், ஜப்பான் பிறப்பித்த வாரன்ட்டின் பேரில் கைதாகி 149 நாள் காவலில் இருந்தார். அந்தக் கைதையும் அதற்கு இட்டுச் சென்ற நிகழ்ச்சிகளையும் இக்கட்டுரை தொகுக்கிறது.

பின்னணி

நார்வேயைச் சேர்ந்த ஸ்வென் ஃபோயின் 1870-இல் காப்புரிமை பெற்ற வெடிமுனை ஈட்டித் துப்பாக்கி, திமிங்கல வேட்டையை ஆலைத் தொழிலாக்கியது. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. வேட்டையை முறைப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கை 1946 டிசம்பர் 2 அன்று வாஷிங்டனில் கையெழுத்தானது; சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து அதே தேதியில் வாட்சன் பிறந்தார். இந்த உடன்படிக்கையின் கீழ் அமைந்த சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையம், 1979-இல் இந்தியப் பெருங்கடலைச் சரணாலயமாக அறிவித்தது. 1982-இல் வணிக வேட்டைக்குத் தடை விதித்தது. 25 நாடுகள் ஆதரித்தன, 7 எதிர்த்தன. தடை நடைமுறைக்கு வந்தபோதும், அறிவியல் ஆய்வுக்காகக் கொல்லலாம் என்ற பழைய விதி அப்படியே நின்றது. பின்னாளைய தகராறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு விதியிலிருந்து கிளைத்தவை.

தொடக்கக் காலம்

வாட்சன் கிரீன்பீஸ் அமைப்பின் நிறுவனர்களில் ஒருவரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அவர் ஆம் என்கிறார். அமைப்போ, தொடக்கக் கால உறுப்பினர் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறது. 1975 ஜூனில் கலிபோர்னியா கரைக்கு அப்பால், கிரீன்பீஸின் ராபர்ட் ஹன்டருடன் ஒரு ரப்பர் படகில் ஏறி, சோவியத் வேட்டைக் கப்பலுக்கும் எண்ணெய்த் திமிங்கலக் கூட்டத்துக்கும் நடுவே அவர் நின்றார். ஈட்டி அவர்கள் தலைக்கு மேலே பாய்ந்து பின்னால் இருந்த திமிங்கலத்தில் இறங்கியது. அடுத்து அடிபட்ட ஓர் ஆண் திமிங்கலம் படகுக்கு வெகு அருகில் எழுந்தது என்றும், சாகும் தறுவாயில் அதன் கண் தன்னைப் பார்த்தது என்றும், நினைத்திருந்தால் படகோடு சேர்த்துத் தன்னை அது அமுக்கியிருக்கலாம் என்றும் வாட்சன் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இதற்கு அவர் வாய்மொழியே முதன்மைச் சான்று.

1977-இல் கிரீன்பீஸை விட்டு வெளியேறினார். வெளியேற்றப்பட்டார் என்பது மறுதரப்பு. பின்னர் 'சீ ஷெப்பர்ட்' என்று பெயர் பெற்ற அமைப்பை அந்த ஆண்டே தொடங்கினார். 1979 ஜூலையில், முன்பக்கத்தில் கான்கிரீட் கொட்டி இறுக்கிய ஒரு பழைய இழுவலைக் கப்பலால், போர்ச்சுகல் கரைக்கு அப்பால் 'சியரா' என்ற திருட்டு வேட்டைக் கப்பலை மோதி உடைத்தார். 1986 நவம்பரில் ஐஸ்லாந்தின் இரு வேட்டைக் கப்பல்களை அவ்வமைப்பினர் ரேக்யவிக் துறைமுகத்தில் மூழ்கடித்தனர். 1997-இல் நார்வேயின் கோரிக்கையின் பேரில் நெதர்லாந்தில் 80 நாள் காவலில் இருந்தார். ஆனால் நார்வேயிடம் ஒப்படைக்கப்படவில்லை.

தென்கடல் பருவங்கள் (2005–2011)

ஆவணங்கள் மிகுந்த காலம் இதுவே. வாட்சனின் கப்பல்களிலேயே தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் குழு தங்கியிருந்து, 2008 முதல் 'வேல் வார்ஸ்' என்ற தொடராக ஒளிபரப்பியது முதன்மைக் காரணம்.

ஜப்பான் 2005-இல் தொடங்கிய இரண்டாம் அண்டார்டிக் ஆய்வுத் திட்டத்தின்படி, பருவத்துக்கு ஏறத்தாழ 850 மின்கே திமிங்கலங்களைப் பிடிக்கலாம். நிஷின் மாரு என்ற தாய்க்கப்பலைச் சுற்றி வேட்டைக் கப்பல்கள் இயங்கின. அடிபட்ட திமிங்கலத்தை வேட்டைக் கப்பல் இழுத்துவந்து தாய்க்கப்பலின் பின்புறம் சேர்க்கும். அங்கே நீர்மட்டம் வரை இறங்கும் ஒரு சரிவுப் பாதை வழியாக அது மேல்தளத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கேயே வெட்டப்படும். தாய்க்கப்பலைக் கண்டுபிடித்து, அந்தச் சரிவுப் பாதைக்குப் பின்னால் தங்கள் கப்பலை ஒட்டி நிறுத்திவிட்டால் திமிங்கலத்தை ஏற்ற வழியில்லை. ஏற்ற முடியாததை வேட்டையாடிப் பயனில்லை. வாட்சன் குழுவின் உத்தி பெரும்பாலும் இதில் அடங்கும்.

மற்ற உத்திகள் எளியவை. புரொப்பெல்லரில் சிக்கும்படி வடக்கயிறுகளைக் கடலில் இழுத்துவிடுவார்கள். பியூட்ரிக் அமிலம் நிரப்பிய கண்ணாடிப் புட்டிகளை எதிர்க் கப்பலின் தளத்தில் வீசுவார்கள். சிக்குப் பிடித்த வெண்ணெயின் வாடைக்குக் காரணமான அமிலம்தான் அது. தீங்கற்றது என்று குழுவினர் சொல்வார்கள். கண்ணிலும் தோலிலும் காயம் ஏற்படுத்துவது என்று ஜப்பான் சொல்லும். நூக் கைது வரை நீண்டது இந்தப் புட்டிகளின் கதை.

2010 ஜனவரி 6 அன்று, குழுவின் வேகப்படகான 'ஆடி கில்', ஜப்பானின் ஷோனன் மாரு 2 என்ற காவல் கப்பலோடு மோதி முன்பகுதி அறுந்தது. படகில் இருந்த ஆறு பேரும் உயிர் தப்பினர். தவறு யாருடையது என்பது தீரவில்லை. நியூசிலாந்துக் கடல்சார் ஆணையத்தின் விசாரணை இரு தரப்பையும் பொறுப்பாக்கியது. பிப்ரவரி 15 அன்று படகின் தலைவர் பீட்டர் பெத்யூன், கப்பல் தலைவரைக் 'குடிமகன் கைது' செய்யவும் 30 லட்சம் டாலர் இழப்பீட்டு ரசீதை நீட்டவும் ஷோனன் மாரு 2-இல் ஏறினார். அவரையே பிடித்துவைத்த கப்பல் டோக்கியோவுக்குக் கொண்டுசேர்த்தது. ஜூலையில் நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்து, அதை நிறுத்திவைத்தது. விசாரணையில் அவர் அளித்த வாக்குமூலமே தன் மீதான வாரன்ட்டுக்கு அடிப்படை என்பது வாட்சன் தரப்பின் வாதம்.

2010–11 பருவத்தில் 172 திமிங்கலங்களோடு ஜப்பான் வேட்டையைப் பாதியில் நிறுத்தியது. மாலுமிகளின் பாதுகாப்பு கருதி என்றது அரசு. மறியலே காரணம் என்றனர் குழுவினர். விற்காமல் தேங்கிய இறைச்சியைச் சுட்டுவோரும் உண்டு.

நீதிமன்றங்கள்

2012 மே மாதம் கோஸ்டா ரிகா வாரன்ட்டின் பேரில் வாட்சன் ஃபிராங்க்ஃபர்ட்டில் கைதானார். இரண்டரை லட்சம் யூரோ பிணையில் வந்து, ஜூலையில் பிணையை மீறிக் கடலுக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஜப்பானின் கோரிக்கையின் பேரில் இன்டர்போல் சிவப்பு அறிவிப்பு வெளியிட்டது. 2013-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று குழுவின் செயல்களைக் கடற்கொள்ளை என்றது. 2014 மார்ச் 31 அன்று, ஆஸ்திரேலியா தொடுத்த வழக்கில் சர்வதேச நீதிமன்றம், ஜப்பானின் திட்டம் அறிவியல் நோக்கத்துக்கானதல்ல என்று 12–4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளையும் அவரவர் தேவைக்கேற்ப மேற்கோள் காட்டுவது இன்றும் வழக்கம். 2019-இல் ஜப்பான் சர்வதேசத் திமிங்கல வேட்டை ஆணையத்திலிருந்து விலகி, தன் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. அண்டார்டிக் வேட்டை முடிவுக்கு வந்தது.

நூக் கைது

2024-இல் ஜப்பான் கங்கெய் மாரு என்ற புதிய தாய்க்கப்பலைக் கடலுக்கு அனுப்பியது. பிடிக்கும் பட்டியலில் ஃபின் திமிங்கலத்தையும் சேர்த்தது. அந்தக் கப்பலை மறிக்க வடமேற்குக் கடல்பாதை வழியாகப் பசிபிக் நோக்கிச் சென்ற வாட்சன், எரிபொருள் நிரப்ப நூக்கில் நின்றபோது போலீசார் கப்பலில் ஏறினர். குற்றச்சாட்டு 14 ஆண்டுப் பழையது: ஷோனன் மாரு 2-இல் வீசிய புட்டியால் ஒரு மாலுமி காயமடைந்தார் என்பதும், அத்துமீறலுக்கு வாட்சன் உடந்தை என்பதும். புட்டி விழுந்த இடத்தில் அந்த மாலுமி இல்லை என்பதற்குத் தொலைக்காட்சிப் படச்சுருளைக் காட்ட வழக்கறிஞர்கள் முயன்றனர். நீதிமன்றம் அதைப் பார்க்க இசையவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை காவல் நீட்டிக்கப்பட்டது. அவருக்கு 74 வயது நிறைந்தது சிறையில்தான். அறை ஜன்னலிலிருந்து பனிப்பாறைகளும் திமிங்கலங்களும் தெரிந்ததாக அவர் கூறினார். கிரீன்லாந்து மக்களே தங்கள் உணவுக்காகத் திமிங்கலம் பிடிப்பவர்கள் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

2024 டிசம்பர் 17 அன்று, கிரீன்லாந்தைத் தன் ஆட்சிப் பகுதியாகக் கொண்ட டென்மார்க்கின் நீதி அமைச்சகம் ஜப்பானின் கோரிக்கையை நிராகரித்து அவரை விடுவித்தது. குற்றச்சாட்டின் உண்மை பொய்யை அது தொடவில்லை. கடந்துபோன காலத்தையும், காவலில் கழிந்த நாள்கள் தண்டனையில் கழிக்கப்படுமா என்ற உறுதியின்மையையும் காரணமாகச் சொன்னது. வாட்சன் பிரான்சுக்குச் சென்றார்.

பிற்காலம்

2025 ஜூலையில் இன்டர்போல் சிவப்பு அறிவிப்பை நீக்கியது.