பட்டத்தின் விலையும் அங்கீகாரத்தின் வகையும்

குறைந்த செலவில், வீட்டிலிருந்தவாறே அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் முதுமாணிப் பட்டத்தைப் பெறலாம் என்ற விளம்பரங்கள் நாளாந்தம் கணினித் திரைகளில் தோன்றுகின்றன. தொழில் புரிந்துகொண்டே மேற்படிப்பைத் தொடர விரும்பும் ஆசிரியர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் தாதியரும் இவற்றினால் ஈர்க்கப்படுவதில் வியப்பில்லை. இவ்விளம்பரங்களில் தவறாது காணப்படும் சொல் 'அங்கீகரிக்கப்பட்டது' என்பதாகும். யாரால் அங்கீகரிக்கப்பட்டது என்று கேளாமலேயே நகைகளை அடகு வைத்து முதல் தவணைக் கட்டணத்தைச் செலுத்துவோரை எண்ணியே இதனை எழுத நேர்ந்துள்ளது.

அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களை அரசாங்கம் நேரடியாக அங்கீகரிப்பதில்லை. தனியான அங்கீகார அமைப்புகளே அப்பணியைச் செய்கின்றன. அந்நாட்டுக் கல்வித் திணைக்களமும் உயர்கல்வி அங்கீகாரப் பேரவையும் இவ்வமைப்புகள் தகுதியுடையனவா என்பதை மாத்திரமே தீர்மானிக்கின்றன. எனவே அங்கீகாரம் வழங்கியவரையும் ஒருவர் அங்கீகரித்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது படியை எம்மவர் பலர் கவனிப்பதில்லை.

நாட்டை ஆறு பிராந்தியங்களாகப் பிரித்து இயங்கி வந்த அமைப்புகள் வழங்கியது பிராந்திய அங்கீகாரம் எனப்பட்டது. பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் மிகப்பெரும்பாலானவை இதனையே பெற்றிருந்தன. தொழிற்பயிற்சி, தொலைக்கல்வி நிறுவனங்கள் பலவும் பெற்றது தேசிய அங்கீகாரம். பெயரைக் கேட்போர் பிராந்தியத்தை விடத் தேசியமே பெரிதென எண்ணக்கூடும். நடைமுறையோ நேர்மாறானது. தேசிய அங்கீகாரம் மட்டும் கொண்ட நிறுவனத்தில் பெற்ற பாட அலகுகளை ஏற்றுக்கொள்ளவும், அதன் பட்டதாரியைக் கலாநிதிப் படிப்புக்குச் சேர்க்கவும் பிராந்திய அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தயங்கியே வந்துள்ளன. 2020 ஜூலை முதல் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் தனது விதிகளில் இவ்வேறுபாட்டை நீக்கிவிட்டது. ஆயினும் அனுமதிக் குழுக்களின் மனப்பாங்கை ஒரு விதித் திருத்தம் ஒரே நாளில் மாற்றிவிடுவதில்லை.

இத்தயக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஐ.டி.டி. தொழில்நுட்ப நிறுவனத்தையும் கொரிந்தியன் கல்லூரிகளில் பலவற்றையும் அங்கீகரித்திருந்தது ஏ.சி.ஐ.சி.எஸ். என்ற தேசிய அமைப்பாகும். கொரிந்தியன் 2015இலும் ஐ.டி.டி. 2016இலும் மூடப்பட்டன. 2016இல் இழந்த தகுதியை 2018இல் மீளப்பெற்ற அவ்வமைப்பு, 2022இல் அதனை மறுபடியும் இழந்தது. இடையில் அல்லலுற்றவர்கள் மாணவர்களே.

அதேவேளை, தேசிய அங்கீகாரம் என்றதும் போலியென ஒதுக்குவதும் தவறாகும். தொலைக்கல்விக்கென 1926ஆம் ஆண்டு தொடக்கம் இயங்கிவரும் டி.இ.ஏ.சி. அமைப்பு முறையாக ஏற்றுக்கொள்ளப்பட்டதொன்று. 2009இல் தொடங்கப்பட்டு, கற்பித்தலுக்குக் கட்டணம் அறவிடாது மதிப்பீட்டுக் கட்டணங்களை அறவிடும் 'யூனிவர்சிட்டி ஒஃப் த பீப்பிள்', 2014இல் இவ்வமைப்பின் அங்கீகாரத்தைப் பெற்று, 2025இல் மேற்குப் பிராந்திய அமைப்பான டபிள்யூ.எஸ்.சி.யூ.சி.யின் அங்கீகாரத்தையும் ஈட்டிக்கொண்டது. முதல் அங்கீகாரத்துடன் அந்நிறுவனம் நிறைவடையாது அடுத்ததை நாடியதிலிருந்தே இரண்டுக்குமுள்ள மதிப்பு வேறுபாட்டை ஊகித்துக்கொள்ளலாம்.

மலிவு என்பதும் ஐயத்துக்குரிய அடையாளமன்று. ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனம் 2014இல் இணையவழியில் ஆரம்பித்த கணினி விஞ்ஞான முதுமாணிக் கற்கைநெறியின் முழுச் செலவும் சுமார் 7,000 டொலர்கள் என்ற அளவிலேயே அமைந்தது. தென்பிராந்திய அமைப்பின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் அது.

நிறுவனத்துக்கான அங்கீகாரம் ஒருபுறமிருக்க, கற்கைநெறிக்கான துறைசார் அங்கீகாரம் என்றொன்றும் உண்டு. வணிக நிர்வாகத்துக்கு ஏ.ஏ.சி.எஸ்.பி., தாதியத்துக்கு சி.சி.என்.இ. எனத் தனித்தனி அமைப்புகள் உள்ளன. தொழில்புரிய அனுமதிப்பத்திரம் தேவைப்படும் துறைகளில் இதனைக் கவனியாது விடுவது பேரிழப்பாகலாம். கணினித் துறை முதுமாணிக்கோ இது பெரிதும் வேண்டப்படுவதில்லை. பொறியியல், கணினித் துறைகளுக்கான ஏபெட் அமைப்பு பெரும்பாலும் இளமாணிப் பட்டங்களையே மதிப்பிடுகின்றது. தேவையற்ற அங்கீகாரத்துக்காக மும்மடங்கு கட்டணம் செலுத்துவதும் ஒருவகை ஏமாற்றமே.

வெறும் போலிகளின் கதை வேறு. கராச்சியில் இயங்கிய எக்ஸாக்ட் நிறுவனம் நூற்றுக்கணக்கான இணையத்தளங்களின் வாயிலாக, இல்லாத பல்கலைக்கழகங்களின் பட்டங்களை விற்றமை 2015இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையினால் வெளிக்கொணரப்பட்டது. அப்பல்கலைக்கழகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்புகளையும் அதே நிறுவனமே உருவாக்கி வைத்திருந்தது! ஆகவே பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் காணப்படும் முத்திரையை நம்பாது, அமெரிக்கக் கல்வித் திணைக்களமும் உயர்கல்வி அங்கீகாரப் பேரவையும் பேணும் பட்டியல்களில் நேரடியாகத் தேட வேண்டும். அவை கட்டணமின்றி எவரும் பார்க்கக்கூடியவை.

எமது நாட்டில் இப்பட்டங்களைப் பயன்படுத்த எண்ணுவோர் இன்னுமொரு வாயிலைக் கடக்க வேண்டியுள்ளது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டு நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் கைநூலிலோ இடம்பெற்றுள்ளதா என்பதையே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நீண்டகாலமாக அளவுகோலாகக் கொண்டு வந்துள்ளது. அது அமெரிக்க அங்கீகாரத்தின் வகைகளை நோக்குவதிலிருந்து வேறுபட்டதொரு சோதனை. அரச பதவிகளைப் பொறுத்தவரை சேவைப் பிரமாணக் குறிப்பு என்ன கூறுகின்றது என்பதும் முக்கியமானது. ஆதலால் பல்கலைக்கழகத்தின் பெயரையும் கற்கைநெறியின் பெயரையும் குறிப்பிட்டு, ஆணைக்குழுவிடமும் தமது திணைக்களத்திடமும் எழுத்து மூலம் வினவி, அப்பதில் கைக்குக் கிடைத்த பின்னரே முதல் தவணையைச் செலுத்துமாறு எமது வாசகர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். பதில் வரத் தாமதமாகலாம். அடுத்த தவணைக்கும் அப்பல்கலைக்கழகம் மாணவர்களைச் சேர்க்கத்தான் போகின்றது.